எஃப்ஈ 500டி, பி500பி, கிரேடு 60: எந்தக் கம்பி எந்த வேலைக்கு?

வளைகுடாவில் வேலை பார்க்கும் சைட் என்ஜினியர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி: "வரைபடத்தில் அமெரிக்கக் கிரேடு 60 போட்டிருக்கிறது, யார்டில் பிரிட்டிஷ் பி500பி கிடக்கிறது. 500 பெரிய எண்தானே, போட்டுவிடலாமா?" தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் இதையே வேறு மாதிரி கேட்கிறார்கள்: "500டியா, 550டியா? கடைக்காரர் 550தான் ஸ்ட்ராங் என்கிறார்."

இரண்டு கேள்வியிலும் குழப்பம் ஒன்றுதான். கம்பியின் பெயரில் உள்ள எண், அது எந்த அழுத்தத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதை மட்டும் சொல்கிறது. இதைத்தான் ஈல்டு வலிமை என்கிறோம். (500 என்பது மெகாபாஸ்கல் என்ற அழுத்த அலகில்; அமெரிக்க 60 என்பது சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு கணக்கில், ஏறத்தாழ 420 மெகாபாஸ்கல்.) அதற்குப் பிறகு அந்தக் கம்பி எப்படி நடந்துகொள்ளும் என்பதை எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும், எந்த நாட்டுத் தரநிலை என்பதும்தான் சொல்லும். மாற்றிக் கட்டுவதில் வரும் சிக்கலெல்லாம் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

ஈல்டு வலிமையின் கீழ் எல்லை, மேல் எல்லை. கீழ் எல்லையை எல்லோரும் பார்ப்பார்கள். மேல் எல்லையைக் கேட்பவர் குறைவு. நில அதிர்வில் பீம் முதலில் ஈல்டாகி ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும், தூண் நிற்க வேண்டும் என்றுதான் டிசைன் செய்கிறார்கள். 500 என்று நினைத்துப் போட்ட பீம் கம்பி உண்மையில் 640 மெகாபாஸ்கல் தாங்கினால் பீம் வளைய மறுக்கும். அந்த விசை தூணுக்கும் பீமின் ஷியருக்கும் (குறுக்கே வெட்டும் விசை) போய்ச் சேரும். அங்கே வரும் உடைவு முன்னறிவிப்பு தராது.

இழுவலிமைக்கும் (அறுவதற்கு முன் தாங்கும் உச்ச அழுத்தம்) ஈல்டுக்கும் உள்ள விகிதம். இது 1.05 என்றால் ஈல்டான இடத்திலேயே கம்பி அறுந்துபோகும். 1.25 என்றால் ஈல்டான இடம் கெட்டிப்பட்டு, நீட்சி பக்கத்துக்கும் பரவும்.

நீட்சி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தியத் தரநிலையில் 16 சதவீதம் என்பது அறுந்த பிறகு, விட்டத்தின் ஐந்து மடங்கு நீளத்தில் அளந்தது. அமெரிக்கத் தரநிலையில் 9 சதவீதம் என்பது 203 மில்லிமீட்டர் நீளத்தில் அளந்தது. அறுந்த இடத்துக்கு அருகில்தான் நீட்சி அதிகம் என்பதால், குட்டை நீளத்தில் அளந்தால் எண் பெரிதாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "16 பெரியது" என்று சொல்லக் கூடாது. ஓரளவு நியாயமாக ஒப்பிட உதவுவது உச்ச விசையில் உள்ள நீட்சிதான். பிரிட்டிஷ், சீன, நியூசிலாந்து தரநிலைகள் இதைத்தான் முன்னிறுத்துகின்றன. இந்தியாவின் 'டி' ரகங்களிலும் 5 சதவீதம் என்று இது இருக்கிறது.

வெல்டிங். கார்பன் அளவும், மாங்கனீசு போன்ற மற்றவற்றையும் கார்பன் கணக்கில் சேர்த்துச் சொல்லும் கார்பன் சமானமும்.

எடையும் பரப்பும். 12 எம்எம் என்று வாங்கியது உண்மையில் எத்தனை எம்எம் என்ற கேள்வி.

## ஒரே பார்வையில்

| கம்பி | ஈல்டு (மெகாபாஸ்கல்) | இழுவலிமை/ஈல்டு | நீட்சி | கார்பன், உச்சம் (%) |
|---|---|---|---|---|
| எஃப்ஈ 500 (ஐஎஸ் 1786) | 500, மேல் எல்லை இல்லை | 1.08 | 12% (அறுந்தபின்) | 0.30 |
| எஃப்ஈ 500டி | 500, மேல் எல்லை இல்லை | 1.10 | 16%; உச்ச விசையில் 5% | 0.25 |
| எஃப்ஈ 550டி | 550, மேல் எல்லை இல்லை | 1.08 | 14.5%, உச்ச விசையில் 5% | 0.25 |
| பி500பி (பிஎஸ் 4449) | 500, மேலே 650 | 1.08 | உச்ச விசையில் 5% | 0.22 |
| பி500சி | 500, மேலே 650 | 1.15 – 1.35 | உச்ச விசையில் 7.5% | 0.22 |
| ஏ615 கிரேடு 60 | 420, மேல் எல்லை இல்லை | 1.10 (2020 பதிப்பு முதல்) | 7 – 9% (203 மி.மீ.) | வரம்பே இல்லை |
| ஏ706 கிரேடு 60 | 420 – 540 | 1.25 | 10 – 14% (203 மி.மீ.) | 0.30 |
| எச்ஆர்பி400இ (சீனா) | 400 – 520 | 1.25 | உச்ச விசையில் 9% | 0.25 |

## இந்தியக் கம்பி: ஐஎஸ் 1786

இந்தியாவுக்குள் கட்டுகிறீர்கள் என்றால் தரநிலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். தேர்வு ஐஎஸ் 1786-க்கு உள்ளேதான்: 500, 500டி, 550, 550டி.

வெறும் 500-ஐயும் வெறும் 550-ஐயும் புது வேலைக்கு எடுக்கக் காரணமே இல்லை. கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்து 500-இல் 0.105 சதவீதம் வரை இருக்கலாம், 500டி-இல் 0.075தான். வளைக்கும்போது வெடிப்பதற்கும் குளிரில் நொறுங்குவதற்கும் வழி செய்வது இந்த இரண்டும்தான்.

இனி 500டியா, 550டியா. கணக்குப்படி 550 போட்டால் கம்பிப் பரப்பு 9 சதவீதம் குறையும். அந்த 9 கைக்கு வருகிறதா என்று பார்ப்போம்.

எம்25 கான்கிரீட்டில் இழுவிசைக்கான பதிவு நீளம் (கம்பி உருவி வராமல் இருக்கக் கான்கிரீட்டில் பதிந்திருக்க வேண்டிய நீளம்), இந்தியக் கான்கிரீட் விதியான ஐஎஸ் 456 கணக்கில், 500-க்கு விட்டத்தின் 48.5 மடங்கு, 550-க்கு 53.4 மடங்கு. 16 எம்எம் கம்பிக்கு இது 777 மில்லிமீட்டரிலிருந்து 854 ஆகிறது. மாடிக்கு மூன்று மீட்டர், மாடிதோறும் ஒரு லாப் (ஒரு கம்பியோடு அடுத்ததை ஒட்டிக் கட்டும் இணைப்பு) என்று வைத்தால் ஒரு கம்பியின் நீளம் 3.777 மீட்டரிலிருந்து 3.854 மீட்டராகிறது. ஒன்பது சதவீதச் சேமிப்பு இங்கேயே ஏழாகிவிட்டது. பிறகு கம்பி எண்ணிக்கையை முழு எண்ணாக்க வேண்டும். ஆறு கம்பி தேவைப்பட்ட இடத்தில் 550 போட்டால் 5.45 வரும், அப்போதும் ஆறுதான் கட்டுவீர்கள்.

ரூஃப் ஸ்லாப்பில் நிலைமை இன்னும் மோசம். குறைந்தபட்சக் கம்பி மொத்தப் பரப்பில் 0.12 சதவீதம் என்ற விதி, முறுக்குக் கம்பி 415 ஆனாலும் 550 ஆனாலும் மாறாது. 125 எம்எம் ஸ்லாப்பின் பகிர்வுக் கம்பியில் (பிரதானக் கம்பிக்குக் குறுக்கே ஓடுவது) 550-ஆல் ஒரு கிலோகூட மிச்சமாகாது. பிரதானக் கம்பியில் பரப்பைக் குறைத்தால் அதே பாரத்தில் கம்பியின் அழுத்தம் கூடும். விரிசல் அகலமாகும், தொய்வும் கூடும். எஃகின் விறைப்பு எல்லாக் கிரேடிலும் ஏறத்தாழ 2 லட்சம் மெகாபாஸ்கல்தான். கிரேடைக் கூட்டினால் கம்பி விறைப்பாகிவிடாது.

ஆகவே இரண்டு மூன்று மாடி வீட்டுக்கு 500டி போதும். 550டி பலன் தருவது நெருக்கமாகக் கம்பி நிற்கும் உயரக் கட்டடத் தூண்களிலும், பெரிய ராஃப்டிலும்தான் (கட்டடம் முழுவதையும் தாங்கும் அடித்தள ஸ்லாப்). அங்கே சேமிப்பை விடவும் கான்கிரீட் இறங்க இடம் கிடைப்பதுதான் பெரிய ஆதாயம். ஆனால் டிசைனே 550-க்குப் போட்டிருக்க வேண்டும். 500-க்குப் போட்ட வரைபடத்தில் அதே எண்ணிக்கையில் 550டி கட்டினால் லாப் நீளம் போதாது, பீம் தேவைக்கு மேல் வலுவாகிவிடும், காசும் வீண்.

நில அதிர்வு விவரம் பலர் தவறவிடுவது. நில அதிர்வு மண்டலங்களைப் பிரிக்கும் ஐஎஸ் 1893-இன் 2016 வரைபடத்தில் சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலம். அங்கே நில அதிர்வுக்கான கம்பி விதியான ஐஎஸ் 13920 கேட்பது: உண்மையான ஈல்டு, பெயரளவை விட 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இழுவலிமை விகிதம் 1.15 இருக்க வேண்டும், நீட்சி 14.5-க்கு மேல். இப்போது அட்டவணையைப் பாருங்கள். 500டி உறுதி தருவது 1.10 மட்டுமே. மேல் எல்லை அதில் இல்லவே இல்லை. ஆகவே "500டி வாங்கிவிட்டேன்" என்பதால் 13920 நிறைவேறிவிடாது. வந்த ஹீட்டின் (ஒரே உருக்கிலிருந்து வந்த தொகுதி) டெஸ்ட் சர்டிபிகேட்டில் இழுவலிமையை ஈல்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். 540-உம் 640-உம் என்றால் 1.185, சரி. 590-உம் 660-உம் என்றால் 1.12: ஐஎஸ் 1786-இல் பாஸ், 13920-இல் ஃபெயில். திருத்தமாகச் சேர்ந்த 500எஸ் ரகம் 1.25 விகிதமும் 625 மேல் எல்லையும் கொண்டது. 625 என்பது 13920-இன் 600-ஐச் சற்றே தாண்டுவதால் ஈல்டை அப்போதும் பார்க்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நெருங்கிய பதில் அதுதான் என்றாலும் சில்லறைக் கடையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது எடை. 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 888 கிராம். ஐஎஸ் 1786 லாட்டுக்கு ஐந்து சதவீதம் ஏறி இறங்க அனுமதிக்கிறது, தனிக் கம்பி ஆறு சதவீதம் வரை குறையலாம். 8 எம்எம், 10 எம்எம் கம்பிக்கு ஏழும் எட்டும். ஒரு மீட்டர் வெட்டிச் சமையலறைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும்: 12 எம்எம் 835 கிராமுக்குக் கீழே வந்தால் திருப்பி அனுப்பலாம். இதில் ஒளிந்திருக்கும் இன்னொன்று, இந்தியச் சோதனையில் விசையை வகுப்பது எடையிலிருந்து கணக்கிட்ட உண்மைப் பரப்பால். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெயரளவுப் பரப்பால். ஐந்து சதவீதம் மெலிந்த 12 எம்எம் கம்பி 107 சதுர மில்லிமீட்டர்தான், ஈல்டாவது 53.7 கிலோநியூட்டனில். டிசைனர் கணக்கு வைத்ததோ 56.5. சர்டிபிகேட்டில் 500 என்றுதான் இருக்கும், அது பொய்யும் அல்ல. லென்த் கணக்கில் வாங்கினால் இல்லாத எடைக்குப் பணம் தருகிறீர்கள். கிலோ கணக்கில் வாங்கினால் பணம் தப்பும், பரப்பு தப்பாது.

## பிரிட்டிஷ் கம்பி: பிஎஸ் 4449

வளைகுடாவில் பிரிட்டிஷ் வழக்கில் வரையப்பட்ட திட்டங்களில் வருவது இது. சிங்கப்பூரின் எஸ்எஸ் 560-உம் இதே ஏ, பி, சி வகைப்பாட்டில்தான் நடக்கிறது. ஏ ரகத்தின் உச்ச விசை நீட்சி 2.5 சதவீதம்தான், வெல்டட் மெஷ்ஷுக்கு அது போதும், பீமுக்கும் தூணுக்கும் வேண்டாம்.

பி500பி-யையும் 500டி-யையும் தாளில் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். வேறுபாடு நான்கு இடத்தில். கார்பன் 0.22, சமானம் 0.50 என்று எல்லாக் கம்பிக்கும் கட்டாயம். இந்தியத் தரநிலையில் 0.42 என்ற சமானம், வெல்டிங் உறுதி கேட்டு வாங்கும்போதுதான் பேச்சுக்கு வரும்; மைக்ரோ அலாய் (வனேடியம் போன்ற சிறு சேர்மானம்) சேர்த்திருந்தால் 0.53. இரண்டாவது, 650 என்ற மேல் எல்லை. மூன்றாவது, சோர்வுச் சோதனை: 16 எம்எம் வரையிலான கம்பி 200 மெகாபாஸ்கல் அழுத்த வீச்சை 50 லட்சம் முறை தாங்க வேண்டும். பாலம், கிரேன் ஓடும் பீம் போன்ற வேலையில் இது வெறும் சடங்கு அல்ல. நான்காவது, எடைத் தளர்வு 8 எம்எம்-க்கு மேல் 4.5 சதவீதம்தான்.

ஒரு விஷயத்தில் பிரிட்டிஷ் எண் இளகியது. அங்கே 500 என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கம்பி தாண்ட வேண்டிய எல்லை. தனிச் சோதனையில் 485 வந்தாலும் ஏற்பார்கள். சைட் லேபில் 492 வந்ததும் லாரியைத் திருப்பி அனுப்பும் முன் இதைப் பாருங்கள்.

ஐரோப்பிய நில அதிர்வு விதிப்படி நடுத்தர நீட்சி வகுப்புக்கு பி500பி ஏற்கத்தக்கது, உயர் வகுப்புக்கு பி500சி மட்டும்தான். பி500பி-க்குப் பதில் சி போடுவதில் தடையில்லை. திரும்ப மாற்றக் கூடாது. பிரிட்டிஷ் கம்பியில் குறுக்கு வரிகளின் சாய்வு அமைப்பே ரகத்தைக் காட்டும்படி விதி இருக்கிறது; டேக் தொலைந்தாலும் கம்பியைப் பார்த்தே பி-யா சி-யா என்று பிரித்துவிடலாம்.

## அமெரிக்கக் கம்பி: ஏ615-உம் ஏ706-உம்

இரண்டையும் "கிரேடு 60" என்றே அழைப்பதுதான் பெரிய வம்பு. ஏ615-இல் வேதியியல் என்று பார்த்தால் பாஸ்பரசுக்கு மட்டும்தான் வரம்பு. கார்பன் எவ்வளவு இருந்தாலும் தரநிலை மீறல் இல்லை. இதில் சைட்டில் ரிங்கை டாக் வெல்டு (சின்னப் புள்ளி வெல்டு) வைத்தால் வெல்டுக்குப் பக்கத்தில் கம்பி கண்ணாடிபோலக் கெட்டியாகி, பிறகு ஒரு தட்டில் முறியும். வெல்டு இருக்கிறதா, ஏ706 கேளுங்கள். கம்பியில் உருட்டிய குறியைப் பார்க்கத் தெரிந்தால் போதும்: ஆலையின் எழுத்து, அளவு எண், அடுத்து 'எஸ்' என்றால் ஏ615, 'டபிள்யூ' என்றால் ஏ706, பிறகு 60 அல்லது 4. ஏ706-இன் கார்பன் சமான வரம்பு 0.55. ஆனால் அதன் சூத்திரமே வேறு, ஆகவே பிரிட்டிஷ் 0.50-உடன் நேராக ஒப்பிட வேண்டாம்.

கடும் நில அதிர்வுச் சட்டகங்களுக்கு அமெரிக்க விதி ஏ706-ஐத்தான் கேட்கிறது. ஏ615 கிரேடு 60-ஐ ஏற்பதென்றால் உண்மை ஈல்டு பெயரளவை 125 மெகாபாஸ்கலுக்கு மேல் தாண்டக் கூடாது, விகிதம் 1.25 இருக்க வேண்டும், நீட்சியும் ஏ706 அளவுக்கு வர வேண்டும். இந்தியாவின் 1.15-ஐவிட இது கடுமை. 500டி-யும் பி500பி-யும் இந்த இடத்தில் பெரும்பாலும் நிற்காது.

அளவுகளும் வேறு. 4-ஆம் எண் கம்பி 12.7 எம்எம், 129 சதுர மில்லிமீட்டர். 6-ஆம் எண் 19.1 எம்எம், 284. 8-ஆம் எண் 25.4 எம்எம், 510.

முதலில் கேட்ட கேள்விக்கு ஒரு கணக்கு. பீமில் 6-ஆம் எண் கிரேடு 60 நான்கு கம்பி. ஈல்டு விசை மொத்தம் 477 கிலோநியூட்டன். கையில் இருப்பது பி500பி.

20 எம்எம் மூன்று போட்டால் 471: கொஞ்சம் போதாது. நான்கு போட்டால் 628: 32 சதவீதம் கூடுதல், தூண் பீமைவிட வலுவாக இருக்க வேண்டும் என்ற முறை கெடலாம். 16 எம்எம் ஐந்து போட்டால் 503: ஐந்து சதவீதம் கூடுதல், இதுதான் சரியான வழி. அதிலும் கம்பிப் பரப்பு 1136-லிருந்து 1005 ஆகக் குறைவதால், வழக்கமான பாரத்தில் கம்பி அழுத்தம் 13 சதவீதம் கூடும். விரிசலையும் தொய்வையும் டிசைனர் மறுபடி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஃபுட்டிங்கில் என்றால் நான்கு 20 எம்எம் போட்டுவிட்டுப் போகலாம், அங்கே கூடுதல் வலிமை யாரையும் கெடுக்காது.

எதிர்த்திசையில் 500-க்குப் போட்டதைக் கிரேடு 60-ஆல் கட்டினால் 19 சதவீதம் கூடுதல் பரப்பு வேண்டும். 12 எம்எம் 150 இடைவெளி என்பது 4-ஆம் எண் 140 இடைவெளி ஆகும்.

கம்பியைச் சுற்றி வளைக்கும் உருளையான பின்னின் அளவும் மாறும். அமெரிக்க முறையில் பிரதானக் கம்பிக்கு 8-ஆம் எண் வரை விட்டத்தின் ஆறு மடங்கு விட்டமுள்ள பின். பிரிட்டிஷ் அட்டவணையில் 16 எம்எம் வரை நான்கு மடங்கு, அதற்கு மேல் ஏழு. கட் அண்ட் பெண்ட் யார்டுக்குக் கிரேடு மாறியதைச் சொல்லிப் பின்னைச் சொல்லாமல் விட்டால், கொக்கி பீமின் கவருக்கு வெளியே வந்து நிற்கும்.

## சீன, நியூசிலாந்து கம்பிகள்

எச்ஆர்பி400இ எண்ணில் சின்னது, குணத்தில் இந்த வரிசையிலேயே நல்ல பிள்ளை: 1.25, ஒன்பது சதவீத நீட்சி, மேல் எல்லையும் உண்டு. பெயரின் கடைசி 'இ' இல்லாவிட்டால் இந்த உறுதிகள் இல்லை, அது வெறும் எச்ஆர்பி400. அதே வலிமைக்கு 500-ஐவிட 25 சதவீதம் கூடுதல் கம்பி என்பதுதான் விலை.

நம் டிஎம்டி கம்பி தண்ணீரில் குளிர்வித்துக் கெட்டியாக்கிய வெளி வளையத்தால்தான் வலிமை பெறுகிறது. சீனத் தரநிலை 2018 முதல் எச்ஆர்பி கம்பியில் அந்த வளையமே இருக்கக் கூடாது என்று வெட்டுமுகச் சோதனை வைத்துவிட்டது. அங்கே வலிமை வனேடியம், நயோபியம் போன்ற மைக்ரோ அலாயிலிருந்து வர வேண்டும். வளையம் இருப்பது குற்றமில்லை, ஆனால் அதற்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு: கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் வளையம் தளர்ந்து வலிமை போய்விடும். கப்ளருக்கு (இரு கம்பிகளை முனையோடு முனை இணைக்கும் குழல்) நேரடியாக மரை வெட்டினால் கெட்டியான பகுதியே சீவப்பட்டுவிடும், முனையைத் தட்டிப் பெருக்கிய பிறகுதான் மரை வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தை மழமழவென்று தேய்த்து, ஆல்கஹாலில் கலந்த ஐந்து சதவீத நைட்ரிக் அமிலம் தடவினால் கறுப்பு வளையம் எழும். அது ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிந்தால் குளிர்விப்பு சரியில்லை.

நியூசிலாந்தின் 500இ, 500 வலிமையும் பத்து சதவீத உச்ச விசை நீட்சியும் 600 என்ற மேல் எல்லையும் ஒன்றாகக் கேட்கிறது. நில அதிர்வு நாட்டுக்கு 500 கிரேடு வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய மாதிரி இது.

## ஆர்டரில் எழுத வேண்டியது

"500டி, பத்து டன்" என்று மட்டும் எழுதாதீர்கள். தரநிலை எண், ரகம், 13920 பொருந்தும் இடமானால் "விகிதம் 1.15-க்குக் குறையாமல், ஈல்டு 600-க்கு மேற்படாமல்" என்ற வரி, வெல்டிங் இருந்தால் கார்பன் சமானம், எடைமேடைக் கணக்கில் பில், ஹீட் வாரியாகச் சர்டிபிகேட். கூடவே "நேராக, மடக்காமல்" என்பதும். பன்னிரண்டு மீட்டர்க் கம்பியைச் சின்ன வண்டிக்காக நடுவில் கொண்டை ஊசிபோல மடக்கிக் கொண்டுவருகிறார்கள். 16 எம்எம் 500டி-யின் வளைவுச் சோதனைப் பின்னே 48 எம்எம். அதைவிட இறுக்கமாக மடக்கி நிமிர்த்திய இடத்தை வெட்டிப் போடுவதுதான் நல்லது.

கம்பி இறங்கியதும் பண்டிலில் தொங்கும் டேக்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டுபவர் முதல் வேலையாக அதைத்தான் வெட்டிப் போடுவார். அதன் பிறகு எந்த சர்டிபிகேட் எந்தக் கம்பிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.